பாட்டு நிற்கும் வரை பிடி

எனக்குக் கபடி பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் இதைப் படித்துவிட்டு யாராவது என்னை வீரமங்கை என்று நினைத்து மாலையோடு வந்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் முழங்கை தேய்ந்து, முட்டி வீங்கி வீட்டுக்கு வருகிற என் கணவரைப் பார்த்து, "சம்பளமில்லாம அடி வாங்கற ஒரே உத்தியோகம் இதுதானுங்க" என்பேன். அவர் சிரித்துக்கொண்டே தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை என்னிடம் நீட்டி முதுகைக் காட்டி உட்காருவார். நானும் திட்டிக்கொண்டே தேய்த்துவிடுவேன்.

வாரநாளில் அவருக்குக் கோயம்புத்தூரில் பம்ப்செட் கம்பெனியில் வேலை, எனக்குச் சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை. ஆனால் தை பிறந்துவிட்டால் அவர் உடம்பு மட்டும்தான் கோயம்புத்தூரில் இருக்கும். மனசு தாராபுரம் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊர்க் கபடி மைதானத்துக்குப் போய்விடும். எங்கள் ஊர் அணிக்கு அவர்தான் பாடிப் போகிறவர்.

கபடி தெரியாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாடிப் போகிறவர் எதிரணிப் பக்கம் நுழைந்ததிலிருந்து திரும்பி வந்து நடுக்கோட்டைத் தொடும்வரை 'கபடி கபடி' என்று ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு எங்கள் பக்கம் பாட்டு என்று பெயர். அவரைப் பிடிக்கிறவர்கள் பாட்டு நிற்கும் வரை பிடியை விடக் கூடாது. நிற்பதற்கு முன்னால் அசந்து கையைத் தளர்த்தினால், ஆள் ஊர்ந்தாவது போய் விரல் நுனியால் கோட்டைத் தொட்டுவிடுவார். பிடித்த அத்தனை பேரும் அவுட்.

என் கணவருக்கு ஓட்டம் சுமார்தான். அவர் சொத்து பாட்டு. அது 'கபடி கபடி' என்று தெளிவாகவும் கேட்காது. மூக்கிலிருந்து வருகிற ஒரு முனகல், கடைசியில் 'அடி... அடி...' என்று தேய்ந்துவிடும். ஆனால் நிற்காது. ஒருமுறை சென்னிமலைப் பக்கம் நடந்த போட்டியில் அவர்மேல் ஐந்து பேர் கிடந்தார்கள். பாட்டு நின்றுவிட்டது என்று நம்பி ஒருவர் லேசாகப் புரள, அடியிலிருந்து ஒரு கை நீண்டு கோட்டைத் தொட்டது. ஐந்து பேரும் வெளியே. அதற்குப் பிறகு சுற்றுவட்டாரத்தில் எந்த அணி எங்கள் ஊரோடு மோதினாலும், அவர்களுடைய கேப்டன் சொல்லும் முதல் வார்த்தை இதுதான்: "அவன் பாட்டு நின்னுபோச்சுன்னு நம்பீராதீங்க. விசில் அடிக்கற வரைக்கும் உடாதீங்க."

இதை அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிவார். நானும் கேட்டுக் கேட்டுச் சலித்திருந்தேன்.

நான் சொல்ல வந்தது நடந்த வருடம், பயிற்சியில் ஒரு நாள் அவருக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்து, குப்புற விழுந்துவிட்டார். கூட்டாளிகள் முகத்தில் தண்ணீர் தெளித்து, உப்புப் போட்ட சோடா கொடுத்து எழுப்பி உட்கார வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அதை ஏதோ வேடிக்கை போலச் சொன்னார். நான் டாக்டரிடம் போகலாம் என்றேன். "காத்தால சாப்புடாமப் போனேன் அம்மணி, அதுக்குப் போயி ஆஸ்பத்திரியா? சிரிச்சுப்போடுவாங்க" என்றார். மறுநாளும் சொன்னேன், அதற்கு மறுநாளும் சொன்னேன். அதற்குள் அவர் பழையபடி ஓட ஆரம்பித்திருந்தார். ஓடுகிற ஆளை எந்த ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவது?

மாரியம்மன் திருவிழாவுக்கு ஊருக்குப் போனோம். மகளை என் அம்மா வீட்டில் விட்டிருந்தோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரையிறுதி. கோயிலுக்குப் பின்னால் மண்ணைக் கொத்திச் சலித்து, தண்ணீர் தெளித்து மைதானம் போட்டிருந்தார்கள். காலையில் நடுக்கோட்டில் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டிவிட்டால், அதற்கப்புறம் கயிற்றுக்கு அந்தப் பக்கம் யாரும் செருப்போடு போகக் கூடாது. பெண்கள் செருப்பில்லாமலும் போவதில்லை. போகக் கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை, போனவளும் இல்லை.

நான் கயிற்றை ஒட்டிப் பெண்களோடு நின்றிருந்தேன். எதிரில் முன்வரிசை நாற்காலியில் வெள்ளை வேட்டியில் என் மாமனார். மைக் பிடித்தவர் எங்கள் ஊரில் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கிறவர். கையில் மைக் கிடைத்துவிட்டால் தன் மைக் என்பதாலோ என்னவோ கீழே வைக்க மாட்டார். "ஏனுங்க, நம்மூர்ப் பாட்டுக்காரர் எறங்கறாருங்க! எதுத்த ஊர்க்காரங்கல்லாம் காதுல பஞ்சு வெச்சுக்குங்கோ!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

என் கணவர் குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பாடிப் போனார்.

ஒரு ஆளைக் காலால் தொட்டுவிட்டுத் திரும்பினார். மூலையில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் நின்றார், கோழிப்பண்ணை வைத்திருக்கிறவர், நல்ல ஆகிருதி. அவர் என் கணவரின் கணுக்காலைப் பிடித்தார். அதே நேரம் இன்னொருவர் பக்கவாட்டிலிருந்து ஓடி வந்து தோளால் நெஞ்சில் இடித்தார். கபடியில் இது தப்பே இல்லை, தினமும் நடப்பதுதான். என் கணவர் விழுந்தார். மேலே ஒருவர் விழுந்தார், அதற்கு மேலே இன்னொருவர். புழுதி கிளம்பியது.

அடியிலிருந்து சத்தம் வந்தது. "அ... டி..."

"நிக்கலீங்க! பாட்டு நிக்கலீங்க!" என்று மைக்காரர் கத்தினார். "அஞ்சு பேர் ஏறுனாலும் நிக்காதுங்க இந்தப் பாட்டு!"

"உட்ராத! உட்ராத!" என்று எதிரணியின் ஆட்கள் வெளியிலிருந்து கத்தினார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் விசிலடித்தார்கள். என் பக்கத்தில் நின்ற அக்கா என் இடுப்பில் இடித்து, "உம்பட ஊட்டுக்காரர் இன்னிக்கும் கோட்டைத் தொட்ருவாரு பாரு" என்றார்.

நான் அவர் கையைப் பார்த்தேன். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் சலிப்போடு பார்த்திருக்கிறேன், அதனால் எனக்குத் தெரியும். அவர்மேல் எத்தனை பேர் கிடந்தாலும் வலது கை மட்டும் மண்ணைத் துழாவிக்கொண்டே இருக்கும், கோடு எங்கே கோடு எங்கே என்று. அன்று அந்தக் கை உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்துக் கிடந்தது. ஒரு விரல்கூட அசையவில்லை.

"அ..."

சத்தம் வந்தது, நின்றது. இவ்வளவு நேரம் ஏன் நிற்கிறது என்று நான் நினைப்பதற்குள் மறுபடி ஒரு "அ..." வந்தது. அம்பயர் மண்டியிட்டுக் குனிந்து காதைக் கொடுத்தார். போன வருடம் இவர் விசிலைச் சீக்கிரம் ஊதிவிட்டார் என்று இதே ஆட்கள் இவர் சட்டையைப் பிடிக்கிற அளவுக்குச் சண்டை போட்டிருந்தார்கள். மனிதர் விசிலை வாயில் கவ்விக்கொண்டு ஊதாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். கோழிப்பண்ணைக்காரரும் மற்றவர்களும் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்துக்கொண்டே இருந்தார்கள். அத்தனை பேரும் தங்கள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

"கையப் பாருங்க! அவர் கையப் பாருங்க!" என்று கத்தினேன். மைக் சத்தத்தில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே ஓடினேன்.

"செருப்பு! செருப்பு! ஏனுங்க அம்மணி, செருப்பு!" என்று நாலா பக்கமும் கூச்சல். ஒருவர் என் முன்னால் கையை விரித்துக்கொண்டு வந்தார். அவரைத் தள்ளிவிட்டேன். மேலே கிடந்தவருடைய பனியனைப் பிடித்து இழுத்தேன். அவர் திகைத்துப்போய் எழுந்தார். அப்போதுதான் விசில் ஊதப்பட்டது. அதுவும், பெண்பிள்ளை உள்ளே வந்துவிட்டாள் என்பதற்காக.

என் கணவரைப் புரட்டிப் போட்டோம். முகம் சாம்பல் பூத்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. உடம்பு ஒருமுறை வெட்டி இழுத்தது.

"வலிப்புங்க! இரும்பக் குடுங்க!" என்று யாரோ சொல்ல, ஒரு புல்லட் வண்டியின் சாவிக்கொத்து வந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. இன்னொருவர் குடத்துத் தண்ணீரை முகத்தில் ஊற்றினார். "எந்திரிடா!" என்று நான் அவர் கன்னத்தில் அறைந்தேன். கட்டிய நாளிலிருந்து அவரை 'டா' என்று சொன்னது அதுதான் முதல்முறை.

"அ..." என்று வாய் திறந்தது.

"மூச்சு இருக்குதுங்க, பயப்படாதீங்க" என்றார் அம்பயர்.

இந்த இடத்தில் என் ஆபீஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் எங்கள் ஆபீஸில் முதலுதவிப் பயிற்சி நடந்தது. வேலை அலுத்துப்போய், கூடவே பஜ்ஜி தருவார்கள் என்பதற்காகப் போனேன். இடுப்புக்கு மேல் மட்டும் இருக்கிற ஒரு ரப்பர் பொம்மையின் நெஞ்சை எல்லோரும் முறைவைத்து அமுக்கினோம். 'பொம்மைக்குப் பஜ்ஜி வேண்டாமா' என்று நான்தான் கேட்டுச் சிரிக்க வைத்தேன். சொல்லிக் கொடுத்ததில் முக்கால்வாசி அன்று சாயங்காலமே மறந்துவிட்டது. ஒன்று மட்டும், ஏனென்று தெரியவில்லை, தங்கிவிட்டது. இதயம் நின்ற ஆளும் சற்று நேரம் வாயைத் திறந்து திறந்து மூடுவார், குறட்டை போல ஒரு சத்தம் வரும், அதை மூச்சு என்று நம்பி ஏமாந்துவிடாதீர்கள் என்று அந்தப் பயிற்சியாளர் இரண்டு முறை சொன்னார்.

"இது மூச்சு இல்லீங்க" என்றேன். "ஆம்புலன்ஸைக் கூப்புடுங்க. இது மூச்சு இல்ல."

எங்கள் அணிப் பையன் ஒருவன் போனை எடுத்தான். நான் மண்டி போட்டு, நெஞ்சின் நடுவில் கையை வைத்து அமுக்கினேன். எந்த இடம் என்று நிச்சயமாகத் தெரியாது. பொம்மையில் அமுக்கினால் டக்கென்று ஒரு சத்தம் வரும், சரியாக அமுக்கியிருக்கிறோம் என்று அர்த்தம். இங்கே அப்படி எதுவும் வரவில்லை. வேர்வையும் மண்ணுமாக வழுக்கியது. இன்னும் பலமாக அமுக்கினேன். என் கைக்கு அடியில் எலும்பு ஒன்று முறிந்தது. அது எனக்குக் கேட்டது, பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்டது.

"எலும்பு ஒடையுதுங்க அம்மணி! உடுங்க!" என்று கோழிப்பண்ணைக்காரர் என் தோளைப் பிடித்தார்.

"ஒடஞ்சா ஒடயட்டும்!"

ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்ததில் பத்துக்கு மேல் எண்ண முடியவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தேன். மைக்காரர் மைக்கைப் பிடித்தபடி வாயைத் திறந்துகொண்டு நின்றிருந்தார். வாழ்க்கையிலேயே முதல்முறையாக அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. "எண்ணுங்க!" என்று அவரைப் பார்த்துக் கத்தினேன். "முப்பது வரைக்கும் எண்ணுங்க! நிறுத்தாம வேகமா எண்ணுங்க!"

அவர் எண்ணினார். கோயில் வாசலிலும் வேப்பமரத்திலும் கட்டியிருந்த குழாய்களிலிருந்து ஒண்ணு, ரெண்டு, மூணு என்று ஊர் முழுக்கக் கேட்டது. முப்பது வந்ததும் மறுபடி ஒண்ணு. கோயிலுக்கு முன்னால் இருந்தவர்கள் சாமி மாலையை ஏலம் விடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்களாம். யார் இவ்வளவு கேட்கிறார்கள் என்று எட்டிப் பார்க்க வந்தவர்களும் உண்டு என்று பிறகு சொன்னார்கள்.

என் கை சீக்கிரமே சோர்ந்துவிட்டது. தோளில் கை வைத்த அதே கோழிப்பண்ணைக்காரர் எதிரில் மண்டி போட்டு, "எப்புடிங்கறதச் சொல்லுங்க, நாம் பண்றேனுங்க" என்றார். அவர் கையைப் பிடித்து வைத்துக் காட்டினேன். அவர் அமுக்கியபோதுதான் அமுக்குவது என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்தது.

அந்த நேரத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு கார் பின்பக்கமாகவே கயிறு வரை வந்து நின்றது. என் மாமனாருடைய கார். பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு அவர் ஓடி வந்தார். வேட்டி மண்ணில் புரண்டது.

"தூக்குங்கப்பா, காலப் புடிங்க. தாராவரம் போயர்லாம்."

நாலைந்து பேர் குனிந்தார்கள். காலைப் பிடித்துவிட்டார்கள். எங்கள் பக்கம் யாருக்கு எது ஆனாலும் முதலில் செய்வது இதுதான்: கிடைக்கிற வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு பறப்பது. பாம்பு கடித்தாலும் அப்படித்தான், மரத்திலிருந்து விழுந்தாலும் அப்படித்தான். அப்படிப் பறந்து பிழைத்தவர்களும் ஊரில் இருக்கிறார்கள்.

"வேண்டாங்க மாமா. ஆம்புலன்ஸ் வரட்டும்."

"வெளையாடறயா அம்மணி? அது எப்ப வந்து சேர்றது?"

"கார்ல போட்டா அமுக்க முடியாதுங்க மாமா. அமுக்கறத நிறுத்துனா செத்துருவாரு."

அந்த வார்த்தையைத் திருவிழாவன்று, கோயில் மைதானத்தில், அவருடைய அப்பா முகத்துக்கு நேராகச் சொன்னேன். சுற்றி நின்றவர்கள் அப்படியே நின்றார்கள். எண்ணும் சத்தம் மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தது. பதினேழு, பதினெட்டு.

"எம்பட பையன் அவன்" என்றார் மாமனார். "எம்பட ஒரே பையன். உடு கண்ணு."

"எம்பட புருசனுங்க மாமா. தூக்கறதுன்னா மொதல்ல என்னையக் கொன்னுபோட்டுத் தூக்குங்க."

மாமனாரை எதிர்த்து அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த ஆத்திரத்திலும் மாமா என்றும் ங்க என்றும்தான் வாயில் வந்தது. ஆனால் அவர் மகனுடைய காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, யாரையும் தூக்கவிடாமல் பிடித்துக்கொண்டேன்.

தைரியசாலி என்று நினைக்காதீர்கள். எனக்கு எதுவும் தெரியாது. ஆம்புலன்ஸ் வழியில் நிற்கலாம். நான் சொல்வதே தப்பாக இருக்கலாம், அந்தப் பயிற்சியாளர் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம், நான் பஜ்ஜி தின்றுகொண்டு அதைக் கவனிக்காமல் விட்டிருக்கலாம். இவர் பிழைக்காவிட்டால், ஆஸ்பத்திரிக்கே விடாமல் தடுத்துச் சாகடித்தவள் என்று இந்த ஊர் சாகும்வரை என்னைச் சொல்லும். என் மகளும் ஒருநாள் அதைக் கேட்பாள். அத்தனையும் தெரிந்தும் கையை விடவில்லை.

மாமனார் என்னைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். "உடுங்கடா" என்றார் காலைப் பிடித்திருந்தவர்களிடம். பிறகு கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கோழிப்பண்ணைக்காரருக்குப் பிறகு எங்கள் ஊர் கேப்டன், அவருக்குப் பிறகு நெஞ்சில் இடித்தவர். அவர் அழுதுகொண்டே அமுக்கினார். மறுபடி கோழிப்பண்ணைக்காரர். அரை மணிக்கு முன்னால் ஒருவரையொருவர் கவிழ்க்கப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு அணியும் என் கணவரைச் சுற்றி வரிசை கட்டி உட்கார்ந்திருந்தது. மைக்காரருக்குத் தொண்டை கட்டிவிட்டது, ஆனாலும் நிறுத்தவில்லை. இடையிடையே அந்த "அ..." வந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. அதுவரை பாட்டு எப்போது நிற்கும் என்று காத்துக்கொண்டிருந்த ஆட்கள், நின்றதும் என் முகத்தைப் பார்த்தார்கள். "நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அது ஒன்றுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. திருவிழாவுக்குப் போடும் தேர்க்கடைகள் நிறைந்த வீதியில் சிக்கிக்கொண்டதைப் பிள்ளைகள் ஓடிப்போய், வளையல் கடைப் பந்தலைக் காலோடு பிடுங்கி நகர்த்தி உள்ளே கொண்டு வந்திருக்கிறார்கள். அதிலிருந்து இறங்கியவர் நெஞ்சைத் துடைத்து இரண்டு பட்டைகளை ஒட்டினார். "யாரும் தொடாதீங்க" என்றார். என் கணவருடைய உடம்பு தூக்கிவாரிப் போட்டது. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினார்கள், மறுபடி ஒரு தூக்கு. ஆம்புலன்ஸ்காரர் அவர் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நாடி வந்துருச்சுங்க" என்றார்.

மைக்காரர் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தார். யாரோ போய் மைக்கை அணைத்தார்கள்.

ஆனால் அது பிழைத்தது என்று அர்த்தமில்லை. தாராபுரத்திலிருந்து கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகு அதை எனக்குப் புரிய வைத்தார்கள். இதயம் ஓடுகிறது, ஆனால் ரத்தம் போகாமல் இருந்த நேரத்தில் மூளைக்கு என்ன ஆனது என்று கண் விழித்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். கண் விழிக்கலாம், ஆளைத் தெரியாமல் போகலாம், பேச்சு வராமல் போகலாம். தூக்கத்திலேயே வைத்து, மெல்ல மருந்தைக் குறைத்துத்தான் எழுப்புவோம் என்றார்.

ஐ.சி.யூ. வாசலில் சொந்தபந்தம், எங்கள் பக்கத்துச் சொல்லில் ஒறம்பரை, கூடியது. "கார்லயே கொண்டாந்திருந்தா சீக்கிரமா வந்திருக்கலாம்" என்று ஒரு பெரியம்மா சொன்னார். என் காதில் விழ வேண்டும் என்று சொல்லவில்லை, விழக் கூடாது என்றும் சொல்லவில்லை. எழுந்து போய் நாலு வார்த்தை கேட்டுவிடலாமா என்று இருந்தது. கேட்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? உள்ளே படுத்திருப்பவர் கண் திறந்தால் என் பக்கம் நியாயம், திறக்காவிட்டால் அந்தப் பெரியம்மா பக்கம். மாமனார் வராந்தாவின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்தார். என்னோடு பேசவில்லை. சாப்பாடு வந்தால் என் பங்கை யாரிடமாவது கொடுத்து அனுப்பினார். அந்த மௌனத்தைவிட அவர் என்னை வாய்விட்டுத் திட்டியிருக்கலாம்.

டாக்டர் எங்களைக் கூப்பிட்டுக் குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா என்று கேட்டார். மாமனார் தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் கிணற்றில் நீச்சலடித்துவிட்டு மேலேறி வந்து படியிலேயே விழுந்து இறந்தவர். முனி அடித்துவிட்டது என்று சொல்லி அந்தக் கிணற்றையே மூடிவிட்டார்களாம். டாக்டர் சிரிக்கவில்லை. என் கணவருக்கு இதயத்தின் சுவர் ஒரு பக்கம் பிறவியிலேயே தடித்திருக்கிறது, தம்பிக்கும் அதுவாகவே இருந்திருக்கலாம் என்றார். மயங்கி விழுந்தது ஏதாவது உண்டா என்று அடுத்துக் கேட்டார். எனக்கு அந்த உப்புச் சோடா ஞாபகம் வந்தது.

மருந்தைக் குறைத்துக் குழாயை எடுத்த அன்று என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். கண் திறந்திருந்தது. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் போய் நின்றும் திரும்பவில்லை. அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் மெல்லக் கண் என் பக்கம் வந்தது. உதடு அசைந்தது. காதை அவர் வாயருகில் கொண்டு போனேன்.

"பாட்டு அந்துபோச்சா?" என்றார்.

அறுந்துவிட்டதா என்று கேட்கிறார். செத்துப் பிழைத்து வந்த ஆள் கேட்கிற கேள்வியைப் பாருங்கள். ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொண்டு அழத்தான் முடிந்தது. "ஆமாங்க, அந்துபோச்சுங்க" என்றேன். "சரி, பாய்ண்ட் போச்சு" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே வந்து மாமனாரிடம் சொன்னேன். அவர் எழுந்து என் அருகில் வந்தார். என்னென்னவோ சொல்ல வந்து, "நானு அன்னிக்குக் கார எடுத்திருந்தன்னா..." என்று ஆரம்பித்து, அதற்கு மேல் முடியாமல் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். நானும் அவரைத் தேற்றவில்லை. இரண்டு பேரும் நின்றபடி அழுதோம்.

இப்போது என் கணவரின் தோள்பட்டைக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு கருவி தைத்து வைத்திருக்கிறார்கள். இதயம் தப்பாகத் துடித்தால் அதுவே உள்ளிருந்து அடித்துச் சரிசெய்யும். மகளுக்கும் எக்கோ எடுத்துப் பார்த்தோம். இப்போதைக்கு ஒன்றுமில்லை, ஆனால் வருடாவருடம் பார்க்க வேண்டுமாம். வருடாவருடம் அந்த அறைக் கதவு திறக்கும்வரை நான் வெளியே உட்காராமல் நிற்கிறேன்.

கபடி ஆடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் கணவர் சோறு தின்னாமல் சண்டை போட்டார், நானும் விடவில்லை. கடைசியில் அடுத்த திருவிழாவுக்கு ஊர்க்காரர்களே ஒரு வழி கண்டுபிடித்து அவர் கையில் விசிலைக் கொடுத்தார்கள். அம்பயர். பழைய அம்பயர், கேட்டதும் கும்பிடு போட்டுக் கொடுத்துவிட்டார்.

நான் கயிற்றை ஒட்டி அதே இடத்தில் நின்றேன். இறுதிப் போட்டி. எங்கள் ஊரும் கோழிப்பண்ணைக்காரருடைய ஊரும். எங்கள் அணியில் புதிதாகப் பாடிப் போகிற ஆள், காலேஜ் முடித்து வந்த முரட்டுப் பையன், தன் தொண்டை கிழியப் பாடிக்கொண்டு போனான். பிடித்துவிட்டார்கள். கோழிப்பண்ணைக்காரர் காலில், மற்றவர்கள் மேலே. அடியிலிருந்து பாட்டு கணீரென்று வந்துகொண்டிருந்தது. அவன் கை கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, இன்னும் ஒரு விரல் தூரம்தான். ஊரே எழுந்து நின்றது.

என் கணவர் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தார். பையனுடைய முகம் மண்ணில் புதைந்து தெரியவில்லை. அவர் இந்தப் பக்கம் போனார், அந்தப் பக்கம் போனார், முகம் தெரியவில்லை.

விசில் ஊதிவிட்டார்.

கூட்டம் கொந்தளித்துவிட்டது. "ஏனுங்க, காது செவுடா?" "பாட்டுத்தான் கேக்குதே!" "எதுத்த ஊருக்கு வித்துப்போட்டாரு!" வசவு மழையாகக் கொட்டியது. பையன் எல்லோரையும் உதறிக்கொண்டு எழுந்தான். முகமெல்லாம் மண், மூக்கெல்லாம் மண். நேராக என் கணவருக்கு முன்னால் வந்து நின்று, மூச்சு வாங்க, எச்சில் தெறிக்கக் கத்தினான். "நாம் பாடிட்டுத்தானுங்கண்ணா இருந்தேன்! கோட்டத் தொட்ருப்பேன்! எதுக்குங்கண்ணா ஊதுனீங்க? கோப்பையே போச்சுங்கண்ணா!"

கோழிப்பண்ணைக்காரர் ஜெயித்த சந்தோஷத்தில் ஒரு துள்ளுக்கூடத் துள்ளவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

பையன் கத்தக் கத்த, என் கணவர் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு விசில் இல்லாத கையை எடுத்து, துடிக்கிறதா என்று பார்ப்பதுபோல அவன் நெஞ்சில் வைத்தார். பையன் தட்டிவிட்டான். மறுபடி வைத்தார்.

"திட்டு கண்ணு" என்றார். "நல்லாத் திட்டு."